‘ரத்தம் கம்மியா இருக்கு’: கர்ப்பிணியின் அட்டையில் இருக்கும் அந்த எண் என்ன சொல்கிறது?

செவ்வாய்க்கிழமை காலை. எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வராண்டாவில் உட்கார இடமில்லை. செவ்வாய் என்றால் கர்ப்பிணிகள் செக்கப், அதனால் வாசலில் பூக்காரம்மா கூட அன்றைக்கு ரெண்டு முழம் கூடுதலாகக் கட்டிக்கொண்டு வருவார். அண்ணன் மகளுக்கு ஐந்தாம் மாதம். அவளோடு துணைக்குப் போயிருந்தேன்.

நர்சம்மா அவளை வெளிச்சத்தைப் பார்த்து உட்காரச் சொல்லி, கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்து உள்பக்கத்தைப் பார்த்தார். பிறகு விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு. கொஞ்ச நேரத்தில் அட்டையில் 9.4 என்று எழுதி, அதைச் சுற்றி சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டார். “ரத்தம் கம்மியா இருக்கும்மா. மாத்திரையை ஒழுங்கா போடணும்.” அவ்வளவுதான். பின்னால் இன்னும் நாற்பது பேர் நிற்கிறார்கள், அதற்கு மேல் விளக்க அவருக்கு ஏது நேரம்?

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவள் கேட்டாள்: “அத்தை, எனக்கு அடிகூட படல. தூரமும் நின்னு அஞ்சு மாசமாச்சு. அப்புறம் ரத்தம் எங்க போச்சு?”

நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் விசித்திரமானது: ரத்தம் எங்கும் போகவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவள் உடம்பில் இருந்ததைவிட இப்போதுதான் அதிகமாக இருக்கிறது.

அந்த 9.4 ரத்தத்தின் அளவு இல்லை. ஹீமோகுளோபினின் அளவு. நம் ரத்தத்தில் மஞ்சளான நீர் ஒரு பங்கு, அதில் மிதக்கும் அணுக்கள் ஒரு பங்கு. சிவப்பு அணுக்களுக்குள் நிறைந்திருக்கும் ஒரு புரதத்தின் பெயர்தான் ஹீமோகுளோபின். ஒவ்வொரு ஹீமோகுளோபின் மூலக்கூறிலும் நான்கு இரும்பு அணுக்கள் (ரத்த அணு இல்லை, ‘ஆட்டம்’ என்கிறோமே, அது) இருக்கின்றன. நுரையீரலில் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு போய் உடம்பு முழுக்க இறக்கிவிடுவது அந்த இரும்புதான். 100 மில்லி ரத்தத்தில் எத்தனை கிராம் ஹீமோகுளோபின் இருக்கிறது என்பதைத்தான் அட்டையில் ‘ஹெச்.பி.’ என்று எழுதுகிறார்கள். சாதாரண நாளில் ஒரு பெண்ணுக்கு 12 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். கர்ப்பிணிக்கு 11 இருந்தால் சரி. 10க்கும் 11க்கும் நடுவே என்றால் லேசான ரத்தசோகை, 7க்கு மேல் 10க்குள் என்றால் நடுத்தரம், 7க்குக் கீழே போனால் கடுமை. அண்ணன் மகள் நடுவில் நிற்கிறாள்.

கர்ப்பிணிக்கு மட்டும் ஏன் ஒரு கிராம் தள்ளுபடி? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

விளாவிய ரசம்

திடீரென்று நாலு பேர் சாப்பிட வந்துவிட்டால் அடுப்பில் இருக்கும் ரசத்தை என்ன செய்வோம்? பருப்புத் தண்ணீரை விட்டு விளாவுவோம். ரசம் பெருகும். கூடவே ஒரு கரண்டி பருப்பும் சேர்ப்போம், ஆனால் தண்ணீர் அளவுக்குப் பருப்பு சேராது. பாத்திரம் நிறைந்திருக்கும், கரண்டியில் எடுத்தால் நீர்த்திருக்கும்.

கர்ப்பத்தில் உடம்பு செய்வதும் இதுதான். ரத்தத்தின் நீர்ப்பகுதி 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. சிவப்பு அணுக்களும் கூடுகின்றன, ஆனால் 20 முதல் 30 சதவீதம்தான். மொத்தத்தில் ரத்தம் அதிகம், அடர்த்தி குறைவு. அதனால் கர்ப்பத்துக்கு முன் 12.5 இருந்தவளுக்கு ஐந்தாம், ஆறாம் மாதத்தில் 11 வந்தால் பதற வேண்டியதில்லை. நடு மூன்று மாதங்களில் 10.5 வரைகூட ஏற்றுக்கொள்ளும் மருத்துவர்கள் உண்டு. நீர்த்த ரத்தம் நஞ்சுக்கொடியின் நுண்ணிய குழாய்களில் சுலபமாக ஓடும். பிரசவத்தில் கொஞ்சம் ரத்தம் போனாலும் தாய் தாங்குவதற்கான முன்னேற்பாடும் அதுவே.

ஆனால் 9.4 என்பதை விளாவல் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. அங்கே பருப்பே குறைந்திருக்கிறது. அதாவது இரும்பு.

ஒரு கிராம் கணக்கு

ஒரு முழுக் கர்ப்பத்துக்குத் தேவைப்படும் இரும்பு எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 1000 மில்லிகிராம். நகைக்கடையில் விற்கும் ஒரு கிராம் தங்கக் காசின் எடை, அவ்வளவுதான். அதில் சுமார் 300 மில்லிகிராம் குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும் போகிறது. 500 மில்லிகிராம் தாய்க்கு, கூடுதலாக உருவாகும் சிவப்பு அணுக்களுக்கு. மீதி 200 அன்றாடம் குடல், தோல் வழியே எல்லோருக்கும் கழிவது.

ஒரு கிராம்தானே, சாப்பாட்டில் வந்துவிடாதா என்று தோன்றும். இங்கேதான் நம் தட்டு நம்மை ஏமாற்றுகிறது. கீரை, பருப்பு, தானியம் போன்றவற்றில் இருக்கும் இரும்பில் பத்தில் ஒரு பங்கைக் குடல் உறிஞ்சினாலே பெரிய விஷயம். ஒரு நாள் சாப்பாட்டில் 15 மில்லிகிராம் இரும்பு இருந்தாலும் ரத்தத்தில் சேர்வது ஒன்றரை மில்லிகிராம்தான். கடைசி மாதங்களிலோ நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் உள்ளே சேர வேண்டும். கர்ப்பத்தில் குடல் வழக்கத்தைவிடக் கூடுதலாக உறிஞ்சப் பழகிக்கொள்கிறது என்பது உண்மை. ஆனாலும் இடைவெளி பெரிது. அந்த இடைவெளியைச் சேமிப்பிலிருந்து எடுத்து அடைக்க வேண்டும்.

சேமிப்பு இருந்தால்தானே! மாதாமாதம் உதிரப்போக்கு, அவசரமாகக் கட்டிக்கொண்டு போகும் டிபன் டப்பா, எல்லோரும் சாப்பிட்ட பின் மிஞ்சியதைச் சாப்பிடும் வழக்கம் என்று பத்து வருடம் ஓடிவிட்டு, காலிப் பெட்டியோடு கர்ப்பத்துக்குள் நுழைகிறவர்கள் நம்மில் பாதிப் பேர். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2019-21இல் எடுக்கப்பட்டபோது, இந்தியாவில் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதத்தினருக்கு ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருந்தது. தமிழ்நாட்டிலும் கிட்டத்தட்டப் பாதி. மருத்துவமனைப் பிரசவத்தில் நாட்டுக்கே முன்னால் நிற்கும் மாநிலத்தில் இந்தக் கணக்கு மட்டும் அசைய மாட்டேன் என்கிறது.

இதில் குழந்தையின் பங்கு என்ன? குழந்தை கேட்டுக்கொண்டு நிற்பதில்லை, எடுத்துக்கொள்கிறது. தாயிடம் இரும்பு குறைவாக இருந்தாலும் நஞ்சுக்கொடி தன் பங்கை முதலில் இழுத்துவிடும். அதனால்தான் தாய் வெளுத்துப்போயிருந்தாலும் ஸ்கேனில் பிள்ளை நன்றாக இருப்பதாகச் சொல்வார்கள். ஆனால் தாயிடம் மிகவும் குறைந்துவிட்டால் குழந்தையின் சேமிப்பும் அடிவாங்கும். மாதம் நிறையும் முன்பே பிறப்பது, இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறப்பது போன்றவற்றுக்கான ஆபத்தும் கூடுகிறது.

குழந்தை தன் இரும்பில் பெரும்பகுதியைச் சேர்த்துக்கொள்வது கடைசி மூன்று மாதங்களில். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. பிறந்த பிறகு நாலு முதல் ஆறு மாதம் வரை குழந்தை வயிற்றுக்குள் இருந்தபோது சேர்த்ததை வைத்தே ஓட்டுகிறது. ஆக எட்டாம் மாதத்தில் அம்மா விழுங்கும் மாத்திரையில் குழந்தையின் தவழும் பருவத்துக்கான கட்டுச்சோறும் இருக்கிறது. பிறந்தவுடனே தொப்புள்கொடியை வெட்டாமல் குறைந்தது ஒரு நிமிடம் காத்திருக்கச் சொல்வதும் இதற்காகத்தான். அந்த ஒரு நிமிடத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து இன்னும் கொஞ்சம் ரத்தம் குழந்தைக்கு வந்து சேரும்.

தாய்க்கு என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதைப் பூசி மெழுகக் கூடாது. பிரசவத்தில் அரை லிட்டர் ரத்தம் போனால் 12 இருப்பவள் சமாளித்து எழுந்துவிடுவாள். 7 இருப்பவளுக்கு அது உயிர்ப் பிரச்சினை. இத்தோடு, ரத்தம் குறைந்தவளுக்குத்தான் ரத்தப்போக்கு அதிகமாகவும் ஏற்படுகிறது. பாகிஸ்தான், நைஜீரியா, தான்சானியா, ஜாம்பியா ஆகிய நாடுகளில் ரத்தசோகையோடு பிரசவித்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வு 2023இல் வெளியானது. நடுத்தர ரத்தசோகை உள்ளவர்களில் 6.2 சதவீதத்தினருக்குப் பிரசவத்துக்குப் பின் கடும் ரத்தப்போக்கு ஏற்பட்டது. கடும் ரத்தசோகை உள்ளவர்களில் 11.2 சதவீதம். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

பச்சரிசி டப்பா

இதன் அறிகுறிகளைக் கண்டுபிடிப்பதில் ஒரு சிக்கல். களைப்பு, மூச்சு வாங்குவது, தலைசுற்றல் எல்லாம் கர்ப்பம் என்றாலே கூட வருபவை. “மாசமா இருந்தா அப்படித்தான் இருக்கும்” என்று பெரியவர்கள் சொல்லிவிட, அதோடு பேச்சு முடிந்துவிடும். நாலு படி ஏறுவதற்குள் நெஞ்சு படபடப்பது, உள்ளிமையும் நாக்கும் வெளிறுவது, நகம் சோகையாவது ஆகியவற்றைக் கவனிக்கலாம். ஆனால் கண்ணால் பார்த்துச் சொல்வதைவிட ரத்தத்தைச் சோதித்துப் பார்ப்பதே நம்பகமானது.

ஒரு அறிகுறி மட்டும் வீட்டிலேயே சிக்கும். அண்ணன் மகள் வீட்டில் பச்சரிசி டப்பா வேகமாகக் காலியாகிறது என்று அண்ணி சிரித்துக்கொண்டே சொன்னார். போகிற போக்கில் ஒரு பிடி எடுத்து மென்றுகொண்டே இருப்பாளாம். இன்னும் சிலர் சாம்பல், செங்கல் தூள், விபூதி, சிலேட்டுப் பல்பம், ஐஸ்கட்டி என்று தேடிப் போவார்கள். மழை பெய்து மண் வாசனை வந்தால் நாக்கில் எச்சில் ஊறும். இதை மசக்கை என்று ரசிக்கிறோம். புதிதும் இல்லை. சேரன் ஒருவனைப் புகழ வந்த சங்கப் புலவர், உன் நாட்டு மண்ணை மசக்கைக்காரப் பெண்கள் ஆசைப்பட்டு உண்பார்களே தவிரப் பகைவர் உண்ண முடியாது என்று பாடியிருக்கிறார். அரசனுக்கு அது புகழ்ச்சி. இன்றைய மருத்துவர் அந்தப் பெண்களைப் பார்த்தால் முதலில் ஹெச்.பி. எடுக்கச் சொல்வார், ஏனென்றால் சாப்பாடல்லாததைத் தின்னத் தூண்டும் இந்த ஆசை பல நேரம் இரும்புக் குறைவோடு சேர்ந்தே வருகிறது. இரும்பு ஏறியதும் தானாக அடங்கிவிடுவதும் உண்டு. மண்ணில் புழு முட்டைகள் இருக்கலாம், அது வேறு தொல்லை. வெட்கப்படாமல் நர்சம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

மாதுளம்பழமும் சுவரொட்டியும்

சேதி பரவியதும் சாயங்காலமே மாதுளை வர ஆரம்பித்தது. சித்தி ஒரு கிலோ, பக்கத்து வீட்டக்கா அரைக் கிலோ, அண்ணன் ஆபீசிலிருந்து வரும் வழியில் இன்னும் ஒரு கிலோ. கூடவே பீட்ரூட். சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தமாகிவிடும் என்ற நம்பிக்கை நமக்கு அசைக்க முடியாதது. 100 கிராம் மாதுளை முத்தில் இருக்கும் இரும்பு சுமார் 0.3 மில்லிகிராம். பீட்ரூட்டில் முக்கால் மில்லிகிராம் அளவு. அந்தச் சிவப்பு வெறும் நிறமி. மாதுளை நல்ல பழம், ஆசையாகச் சாப்பிடட்டும், ஆனால் அதை வைத்தியம் என்று எண்ணி மாத்திரையை ஒதுக்கினால்தான் வம்பு.

முருங்கைக்கீரையிலும் கேழ்வரகிலும் 100 கிராமுக்கு நாலரை மில்லிகிராம் அளவில் இருக்கிறது. கேழ்வரகில் கால்சியமும் ஏராளம். ஊறவைத்து முளைகட்டி அரைத்த ராகி மாவு இன்னும் நல்லது, ஏனென்றால் தானியத்தில் இரும்பைப் பிடித்துவைத்திருக்கும் பொருள் முளைகட்டும்போது குறைகிறது. கீரைப் பொரியலில் எலுமிச்சை பிழிவது, சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காய் கடிப்பது, பிறகு ஒரு கொய்யாத் துண்டு போன்ற சின்னச் சின்ன வேலைகளுக்குப் பலன் அதிகம். வைட்டமின் சி கூட இருந்தால் செடிகொடியில் உள்ள இரும்பை உடம்பு இன்னும் நன்றாக எடுத்துக்கொள்ளும்.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு வழி சுலபம். இறைச்சியில், மீனில் இருக்கும் இரும்பு வேறு வடிவத்தில் இருப்பதால் கீரையில் உள்ளதைவிடச் சில மடங்கு அதிகமாக உள்ளே சேர்கிறது. ரத்தம் ஊறட்டும் என்று ஆட்டு மண்ணீரலை, அதாவது சுவரொட்டியை வாங்கிவந்து மிளகு போட்டு வறுத்துக் கொடுப்பார்கள் நம் பாட்டிமார். இரும்பைப் பொறுத்தவரை அவர்கள் கணக்கு சரி, மண்ணீரல் பழைய சிவப்பு அணுக்கள் உடைபடும் இடம். நன்றாக வெந்திருக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம். ஈரல் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். அதில் வைட்டமின் ஏ மிக அதிகம், கர்ப்பத்தில் அது அளவு மீறினால் கருவுக்கு நல்லதல்ல. தினமும் ஈரல் என்று இறங்க வேண்டாம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்ல வேண்டும். 9.4ஐச் சாப்பாட்டால் மட்டும் பிரசவத்துக்குள் 11க்குக் கொண்டுவர முடியாது. மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பார்த்தால் தெரியும். ஓட்டை விழுந்த குடத்தில் உழக்கால் ஊற்றுவது போல. மாத்திரை வேண்டும்.

நாலு மணி டீ

சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுக்கும் அந்தச் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும், 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. நாலாம் மாதத்திலிருந்து நாளுக்கு ஒன்று வீதம் 180 நாள். பிள்ளை பெற்ற பிறகும் இன்னொரு 180 நாள். ஏற்கெனவே ரத்தசோகை இருந்தால் நாளுக்கு இரண்டு என்று மருத்துவர் மாற்றுவார். தானாக இரட்டிப்பாக்க வேண்டாம்.

அண்ணன் மகள் ஒரு மாதமாகத் தவறாமல் போட்டிருக்கிறாள். அட்டை அட்டையாகக் காலி. அப்புறமும் ஏன் 9.4? எப்படிப் போடுகிறாய் என்று கேட்டேன். “நாலு மணிக்கு டீ குடிப்பேன்ல அத்தை, அதோட போட்டுக்குவேன். மறக்காம இருக்கும்ல.”

கள்ளன் அங்கேதான் இருந்தான். டீயில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குடலில் உறிஞ்ச விடாமல் வெளியே அனுப்பிவிடும். காபியும் இதையே செய்யும். பாலில் உள்ள கால்சியமும் குறுக்கே நிற்கும். ஒரு டம்ளர் பால் டீயில் இரண்டு எதிரிகளும் கூட்டுச் சேர்ந்து இருக்கிறார்கள். பாவம், முப்பது நாள் மாத்திரையில் பாதியாவது வீணாகியிருக்கும். செக்கப்பில் யாரும் கேட்கவும் இல்லை, அவளுக்குச் சொல்லவும் தோன்றவில்லை.

மாத்திரைக்கு நல்ல நேரம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, அல்லது ராத்திரி படுக்கும் முன். தண்ணீரோடு, முடிந்தால் எலுமிச்சம்பழச் சாற்றோடு. டீ, காபி எதுவானாலும் முன்னும் பின்னும் குறைந்தது ஒரு மணி நேரம் தள்ளி. கால்சியம் மாத்திரையும் கொடுத்திருப்பார்கள், அதை இதனோடு சேர்த்து விழுங்கக் கூடாது. கால்சியம் சாப்பாட்டோடு பகலில், இரும்பு ராத்திரி என்று பிரித்துவிட்டால் குழப்பமில்லை.

மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும். பயப்பட வேண்டாம், உறிஞ்சாமல் மிஞ்சிய இரும்பின் நிறம் அது. மலச்சிக்கல் வரும், சிலருக்குக் குமட்டும், வாயில் துருவைச் சப்பியது போல் ஒரு ருசி நிற்கும். தண்ணீர், பழம், கீரை கூட்டிப் பார்க்கலாம். வெறும் வயிற்றில் தாங்கவே முடியாவிட்டால் சாப்பாட்டோடு போடலாம், கொஞ்சம் குறைவாகச் சேர்ந்தாலும் போடாமல் இருப்பதைவிட மேல். வேறு மருந்துக்கு மாற்றித் தரவும் கேட்கலாம். கேட்காமல் பலர் செய்வது, மாத்திரையைத் தூக்கி ஒளித்துவைப்பது. பீரோவில் புடவைக்கு அடியில், சாமி படத்துக்குப் பின்னால், அரிசிப் பானையில் என்று எத்தனையோ வீடுகளில் அட்டைகள் பிரிக்காமல் கிடக்கின்றன. “சத்து மாத்திரை போட்டா பிள்ளை கறுப்பா பிறக்கும்” என்று யாரோ சொல்லியிருப்பார்கள். “பிள்ளை பெருசாகி ஆபரேஷன் பண்ணணும்” என்று இன்னொருவர். இரண்டும் பொய். பிள்ளையின் நிறம் அப்பா அம்மா கொடுத்தது, குங்குமப்பூவுக்கும் அதில் பங்கில்லை, இரும்புக்கும் பங்கில்லை.

எல்லாச் சோகையும் இரும்பால் வருவதல்ல

அந்த மாத்திரையில் இரும்புக்குத் துணையாக ஃபோலிக் அமிலம் ஏன் இருக்கிறது என்பதற்கு நம் ஊர்ப்பக்கத் தொடர்புள்ள கதை ஒன்று உண்டு. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே ஏழைக் கர்ப்பிணிகளிடம் ஒரு கொடிய ரத்தசோகை காணப்பட்டது. சிவப்பு அணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, உருவில் பெருத்திருந்தன. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், சென்னை திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும்கூட அவர் இதற்காக வேலை செய்தார். கடைசியில் குணப்படுத்தியது, ரொட்டியில் தடவிச் சாப்பிடும் மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் பசை. அதில் இருந்த ஏதோ ஒரு சத்துக்கு ‘வில்ஸ் காரணி’ என்று பேர் வைத்தார்கள். அதுதான் ஃபோலேட், அதாவது நம் மாத்திரையில் ஃபோலிக் அமிலமாக இருக்கும் சத்து, என்று பின்னாளில் தெரிந்தது. 1940களின் நடுவில் அதை ஆய்வகத்தில் செய்து காட்டிய லெடர்லி என்ற அமெரிக்க மருந்து நிறுவனக் குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

ஃபோலிக் அமிலத்துக்கு இன்னொரு பெரிய வேலையும் உண்டு. குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் குழாய், கரு உண்டாகி 28 நாளுக்குள் மூடிவிடும். ‘நாள் தள்ளிப்போச்சு’ என்று நினைத்து, கர்ப்பம்தான் என்று உறுதியாவதற்குள் பலருக்கு அந்த வேலை முடிந்திருக்கும். அதனால் பிள்ளை வேண்டும் என்று முடிவெடுத்த நாளிலிருந்தே ஃபோலிக் மாத்திரையைத் தொடங்கச் சொல்கிறார்கள். முதல் மூன்று மாதத்தில் வாந்தியோடு இரும்பு ஒத்துக்கொள்ளாது என்பதால் அப்போது ஃபோலிக் மட்டும் கொடுப்பது வழக்கம்.

ஒழுங்காக மாத்திரை போட்டால் ஒரு மாதத்தில் ஹெச்.பி. ஒரு கிராமாவது ஏற வேண்டும். ஏறாவிட்டால் வேறு காரணம் தேட வேண்டும். வயிற்றில் கொக்கிப்புழு இருந்தால் அது தினமும் ரத்தம் குடிக்கும், நாலாம் மாதத்துக்குப் பிறகு ஒரே ஒரு அல்பெண்டசோல் மாத்திரை கொடுப்பது அதற்காக. சுத்த சைவக்காரர்களுக்கு, அதிலும் பால் தயிர்கூடச் சேர்க்காதவர்களுக்கு, வைட்டமின் பி12 குறைந்திருக்கலாம். தலசீமியா, அரிவாள் அணு போன்ற பரம்பரைக் குறைகள் இருந்தால் இரும்பை அள்ளிக் கொடுத்தும் எண் நகராது. அதற்குத் தனி ரத்தப் பரிசோதனை உண்டு, கணவருக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டி வரும்.

மாத்திரைக்கு ஏறவில்லை, அல்லது பிரசவ நாள் நெருங்கிவிட்டது என்றால் நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவார்கள். ‘அயன் ஊசி’, ‘கறுப்பு குளுக்கோஸ்’ என்று வார்டில் பேசிக்கொள்வது இதைத்தான். முதல் மூன்று மாதத்தில் இதைக் கொடுப்பதில்லை. 7க்குக் கீழே போனால் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டும். 5க்குக் கீழே என்றால், அல்லது பிரசவ நேரத்தில் மிகக் குறைவாக இருந்தால், ரத்தமே ஏற்ற வேண்டி வரும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், மயக்கம் வந்தால், உதிரம் பட்டால் அடுத்த செவ்வாய் வரை காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனை, மாத்திரை எதற்கும் காசில்லை. 12 வாரத்துக்குள் பதிவுசெய்தால் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்கும் வழி பிறக்கும். அதில் ஒரு பகுதி பொருளாக, ஊட்டச்சத்துப் பெட்டகமாக வருகிறது. அந்தப் பெட்டகத்தில் இருக்கும் இரும்புச்சத்து டானிக்கும் பேரீச்சம்பழமும் கர்ப்பிணிக்கானவை. வீட்டில் இருக்கும் பிள்ளைகள் பேரீச்சையைக் காலி செய்துவிட்டு, டானிக்கை மட்டும் அவளுக்கு விட்டுவைப்பது நான் கண்ணால் பார்த்தது.

அண்ணன் மகள் டீயை விடவில்லை. விடச் சொல்லவும் இல்லை, பிள்ளைத்தாய்ச்சிக்கு அந்த ஒரு ஆசையையும் பறிப்பானேன். நாலு மணி டீ அப்படியே இருந்தது, மாத்திரை ராத்திரிக்கு நகர்ந்தது. தலைமாட்டில் ஒரு சொம்புத் தண்ணீர், பாதி எலுமிச்சம்பழம். மருத்துவர் நாளுக்கு இரண்டாக்கியிருந்தார், காலையில் பதினோரு மணிக்கு இன்னொன்று. ஐந்து வாரம் கழித்து அட்டையில் 10.6. பச்சரிசி டப்பாவும் பழையபடி மாதக்கடைசி வரை வந்தது.

குழந்தை பிறந்து பதினைந்து நாளிருக்கும், போன் செய்தாள். பிள்ளை அழும் சத்தத்துக்கு நடுவே, “அத்தை, அந்தச் சிவப்பு மாத்திரை ரெண்டு அட்டை மிச்சம் இருக்கு. குப்பையில போட்டுரவா?”

“போடாத. நர்சம்மாகிட்ட இன்னும் வாங்கி வையி. அஞ்சரை மாசம் பாக்கி இருக்கு.”

“ஐயோ அத்தை!”

“டீயோட இல்ல.”